பத்து ரூபாயில் ஓர் அரசுக் கோப்பு: தகவல் உரிமை மனு போடுவதற்கான கட்டணமும் வழிமுறையும்

அரசு அலுவலகத்தில் ஒரு வேலை நின்றுபோனால் 'ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போட்டுவிடு' என்று சொல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. சொல்வது எளிது. போட்ட மனுக்களில் பல பதிலே இல்லாமல் போகின்றன. சில, 'தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருகின்றன. அப்படித் திரும்பிய மனுக்களை அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிப் படித்துப் பார்த்திருக்கிறேன். அதிகாரிகளின் சதியை விட, மனுவில் இருந்த ஓட்டைகளே கண்ணில் பட்டன. கேட்ட விதம் தவறு, பணம் கட்டிய விதம் தவறு, அல்லது அனுப்பிய இடம் தவறு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு மேல்முறையீடு இருக்கிறது.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் நாடு முழுவதும் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், தமிழ்நாடு தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. இந்திய மாநிலங்களில் அதுதான் முதல். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் விதிவிலக்குகள் மிகுந்திருந்த அந்தச் சட்டத்தால் மக்களுக்குப் பெரிய பயன் விளையவில்லை. இன்று நாம் கையில் எடுப்பது 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். மாநில அலுவலகங்களுக்கும் சட்டம் அதுதான். கட்டண விதிகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

மனு தேவைதானா?

முதலில் இணையத்தைத் தேடுங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகிய நில ஆவணங்களைத் தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறைத் தளம் காட்டிவிடும். அரசாணைகளும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளும் பெரும்பாலும் தளங்களில் ஏறியிருக்கும். சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, யாரும் கேட்காமலேயே ஒவ்வோர் அலுவலகமும் வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகிறது. அலுவலர்களின் பெயர்ப் பட்டியல், ஊதியம், வரவுசெலவு ஒதுக்கீடு, மானியம் பெற்றோர் விவரம், தகவல் மனுக்களுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலரின் பெயரும் பதவியும் எல்லாம் அதில் அடக்கம். தேடியது அங்கே கிடைத்துவிட்டால் ஒரு மாதக் காத்திருப்பு மிச்சம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இது தகவல் கேட்கும் மனு. குறைதீர்க்கும் மனு அன்று. 'என் முதியோர் உதவித்தொகையை உடனே வழங்குங்கள்' என்று இதில் எழுதினால் பதில் வராது. அதே விஷயத்தை 'என் விண்ணப்பத்தின் மீது எந்தத் தேதியில் யார் என்ன குறிப்பு எழுதினார்கள், அதன் நகல் வேண்டும்' என்று கேட்டால் கோப்பு மேசைக்கு வந்துவிடும். தூங்கிய கோப்பு மேசைக்கு வந்தாலே பல வேளைகளில் வேலை தானாக நகர்கிறது. சட்டம் இதற்கென்று எழுதப்படவில்லை என்றாலும், மக்களுக்குப் பிடித்த பயன் இதுதான்.

யாருக்கு எழுதுவது?

மத்திய அரசு அலுவலகமா, மாநில அரசு அலுவலகமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கட்டணம் செலுத்தும் முறை, இணையதளம், கடைசியில் போக வேண்டிய ஆணையம் மூன்றும் அதைப் பொறுத்தே மாறும். வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி, நகராட்சி, காவல் நிலையம், மின்வாரியம், ரேஷன், அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை ஆகியவை மாநிலத்தைச் சேர்ந்தவை. அஞ்சலகம், ரயில்வே, கடவுச்சீட்டு அலுவலகம், வருங்கால வைப்பு நிதி, வருமான வரி, பொதுத்துறை வங்கிகள், எல்.ஐ.சி. ஆகியவை மத்தியப் பட்டியலில் வரும்.

தனியார் பள்ளியையோ தனியார் நிறுவனத்தையோ நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அவர்களிடமிருந்து எந்தச் சட்டத்தின் கீழாவது ஓர் அரசு அலுவலகம் பெறக்கூடிய தகவலை, அந்த அலுவலகத்திடம் கேட்கலாம். சட்டத்தின் 2(ஊ) பிரிவில் உள்ள தகவல் என்ற சொல்லின் விளக்கமே இதற்கு இடம் தருகிறது. பள்ளியின் அங்கீகாரச் சான்று, கட்டடச் சான்று போன்றவற்றைக் கல்வித் துறையிடம் கேட்பது இப்படித்தான். கூட்டுறவுச் சங்கங்கள் பற்றி 2013இல் கேரளத்துத் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே வழியைக் காட்டியது: அரசின் கணிசமான நிதியோ கட்டுப்பாடோ இல்லாத சங்கம் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராது, ஆனால் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம்.

அலுவலரின் பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று எழுதி அலுவலகத்தின் பெயரும் முகவரியும் போட்டால் போதும். இடம் தவறிவிட்டால், 6(3) பிரிவின்படி ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிப்பது அவர்கள் கடமை. அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு மாவட்ட ஆட்சியருக்கே எல்லாவற்றையும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மனு ஆட்சியரகத்திலிருந்து கோட்டாட்சியருக்கும், அங்கிருந்து வட்டாட்சியருக்கும் உலா போகும்; ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு கடிதம் வரும்; தகவல் மட்டும் வராது. கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்கே எழுதுங்கள். இரண்டு அலுவலகங்களிடம் கேட்க வேண்டியிருந்தால் இரண்டு மனுக்கள் போடுங்கள். கூடுதலாகப் பத்து ரூபாய்தான் செலவு.

ஆவணத்தைக் கேளுங்கள், விளக்கத்தைக் கேட்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். 2011இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்யா பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம். இது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவதை மறந்துவிடுகிறோம்: அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், இல்லாததை உருவாக்கியோ, கருத்தும் ஆலோசனையும் கூறியோ பதில் தர வேண்டிய கட்டாயம் அலுவலருக்கு இல்லை.

உங்கள் தெருவில் போட்ட சிமெண்டுச் சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோபத்தில் கை இப்படித்தான் எழுதும்: 'சாலை ஏன் பெயர்ந்தது? இதற்கு யார் பொறுப்பு? ஒப்பந்ததாரர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றுக்குமே 'இது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். 'ஏன்' என்பதற்குக் கோப்பில் தாள் கிடையாது.

அதே சாலைக்கு அலுவலகத்தில் என்னென்ன தாள்கள் இருக்கும் என்று யோசியுங்கள். பணிக்கான மதிப்பீடு இருக்கும். ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கும். பணி ஆணை, ஒப்பந்த நகல் இருக்கும். பொறியாளர் நேரில் அளந்து எழுதும் அளவுப் புத்தகம் இருக்கும். அலுவலகத்தில் அதை 'எம் புக்' என்பார்கள். தரப் பரிசோதனை அறிக்கை, பணம் பட்டுவாடா செய்த பில், பணி முடிவுச் சான்று இருக்கும். சாலை போட்டபின் குறிப்பிட்ட காலம்வரை பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கும். இவற்றின் நகலைக் கேளுங்கள். அளவுப் புத்தகத்தில் ஆறு அங்குலக் கனம் என்று எழுதியிருந்து, தெருவில் மூன்றங்குலம் இருந்தால் 'ஏன்' என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது. சாலையில் போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் 2(ஒ) பிரிவு இடம் தருகிறது. இது பலருக்குத் தெரியாது.

காலத்தையும் இடத்தையும் குறுக்குங்கள். 'கடந்த இருபது ஆண்டுகளில் ஊராட்சி ஒன்றியத்தில் நடந்த எல்லாப் பணிகளும்' என்று கேட்டால், தொகுக்க ஆள் இல்லை என்ற பதில் வரும். அந்தப் பதிலில் ஓரளவு நியாயமும் இருக்கும். '2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, 7ஆவது வார்டு' என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். ஒரு மனுவில் ஐந்தாறு இனங்களுக்கு மேல் வேண்டாம். மத்திய விதிகள் மனு சாதாரணமாக 500 சொற்களுக்கு மிகக் கூடாது என்கின்றன. மீறினால் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நிராகரிக்க முடியாது என்றாலும், சுருக்கம் உங்களுக்குத்தான் நல்லது.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதத் தேவையில்லை. 6(2) பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்ற பொருளில் ஒரு தீர்ப்பில் எழுதிவிட்டு, சட்டப் பிரிவு கவனத்துக்கு வந்ததும் சில நாட்களிலேயே அந்தப் பகுதியைத் தானே நீக்கிக்கொண்டது. ஆகவே யாராவது 'எதற்குங்க இது?' என்று தொலைபேசியில் கேட்டால் பணிவாகச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

மனுவின் வடிவம்

மாநில அலுவலகங்களுக்கு வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். தமிழில் எழுதலாம். தமிழ்நாட்டில் உள்ள மத்திய அரசு அலுவலகத்துக்கும் தமிழில் எழுதலாம், ஏனென்றால் அந்தப் பகுதியின் ஆட்சி மொழி சட்டப்படி ஏற்கத்தக்கது. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. ஒரு மாதிரி:

அனுப்புநர்: பெயர், அஞ்சல் முகவரி
பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், (அலுவலகத்தின் பெயர், முகவரி)
பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் தகவல் கோருதல்
நான் இந்தியக் குடிமகன். கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்க வேண்டுகிறேன்.
1. (இடம்) முதல் (இடம்) வரை 2024-25ஆம் ஆண்டில் அமைத்த சிமெண்டுச் சாலைப் பணியின் மதிப்பீடு.
2. மேற்படி பணியின் பணி ஆணை மற்றும் ஒப்பந்தம்.
3. மேற்படி பணிக்கான அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள்.
4. தரப் பரிசோதனை அறிக்கை.
5. ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பில்கள்.
6. மேற்படி கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தர வேண்டுகிறேன்.
கோரும் தகவலின் ஒரு பகுதி வேறு அலுவலகத்தில் இருப்பின் பிரிவு 6(3)இன்படி மாற்றி அனுப்பவும். மனுக் கட்டணம் ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டப்பட்டுள்ளது.
நாள், இடம், கையொப்பம்

தொடர்புகொள்வதற்கான முகவரியைத் தவிர வேறு சொந்த விவரம் எதையும் கேட்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. 'மேலதிகாரிகளிடம் செல்வேன்', 'ஊழலை அம்பலப்படுத்துவேன்' போன்ற வரிகள் ஒரு பக்கத்தைக்கூடக் கூடுதலாகப் பெற்றுத்தராது.

கட்டணம்

தமிழ்நாட்டிலும் மத்திய அரசிலும் மனுக் கட்டணம் 10 ரூபாய். தொகை ஒன்றுதான், செலுத்தும் வழி வேறு. நல்ல மனுக்கள் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன.

மாநில அலுவலகத்துக்கு எளிய வழி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்). நீதிமன்ற வளாகத்துக்கு அருகில் முத்திரைத்தாள் விற்பவர்களிடம் கிடைக்கும். மனுவின் முதல் பக்கத்தில் ஒட்டி, ஒட்டியபின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'கட்டணம் இல்லை' என்று பிறகு பதில் வந்தால் அந்த நகல்தான் சாட்சி. நேரில் சென்று ரொக்கமாகக் கட்டி ரசீது பெறலாம். வரைவோலை, கருவூலச் சலான் வழிகளும் உண்டு. பத்து ரூபாய்க்கு வரைவோலை எடுப்பது சோளப்பொரி வாங்க யானையில் ஏறிப் போவது போன்றது.

மத்திய அலுவலகத்துக்கு நீதிமன்ற வில்லை செல்லாது. அங்கே அஞ்சலகத்தில் கிடைக்கும் 10 ரூபாய் இந்தியப் போஸ்டல் ஆர்டர் வாங்கி, அந்த அலுவலகத்தின் 'கணக்கு அலுவலர்' பெயருக்கு எழுதி இணைக்க வேண்டும். அதன் எண்ணை மனுவிலும் குறித்துவிடுங்கள். ரொக்கம், வரைவோலை, மின்னணு முறையிலும் கட்டலாம். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்காக அஞ்சல் துறை 2013இல் மின்னணுப் போஸ்டல் ஆர்டரைக் கொண்டுவந்தது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இங்குள்ள மத்திய அலுவலகத்திடம் கேட்க அது உதவும். ஆனால் குடியுரிமை மாறியவர்களுக்கு இந்த உரிமை இல்லை. சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே.

மத்திய அமைச்சகங்களுக்கு ஆர்.டி.ஐ. இணையதளத்திலேயே மனு போட்டு அட்டை, யு.பி.ஐ. வழியாகப் பத்து ரூபாய் கட்டலாம். எழுதும் பெட்டியில் 3,000 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. மிகுந்தால் கோப்பாக இணைக்க வேண்டும். மாநில அலுவலகத்துக்கான மனுவை அந்த மத்தியத் தளத்தில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் திரும்பாது. தமிழக அரசுக்கென்று தனித் தளம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அதன் பட்டியலில் இல்லையென்றால் தபால்தான் வழி.

வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மனுக் கட்டணமும் இல்லை, நகல் கட்டணமும் இல்லை. 7(5) பிரிவு தரும் சலுகை இது. அதற்குரிய சான்றின் நகலை இணைக்க வேண்டும். ரேஷன் அட்டையின் நகலை மட்டும் வைத்து அனுப்பினால் ஏற்க மறுக்கக்கூடும் என்பதால், உள்ளாட்சி அமைப்பின் பட்டியலில் பெயர் இருப்பதற்கான சான்றைப் பெற்றுவிடுங்கள்.

மனுக் கட்டணத்துக்குப் பிறகு வருவது நகல் கட்டணம். ஏ4, ஏ3 தாளில் பக்கத்துக்கு 2 ரூபாய். பெரிய வரைபடம் என்றால் நகலெடுக்க ஆகும் செலவு. கணினி வட்டு (டிஸ்கெட், ஃபிளாப்பி) ஒன்றுக்கு 50 ரூபாய். கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம். மத்திய அலுவலகங்களில் அதன்பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 5 ரூபாய். மத்திய விதிகளில் அஞ்சல் செலவு 50 ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகையை மட்டும் கேட்கலாம். தேடும் கூலி, தொகுக்கும் ஊழியரின் சம்பளம் என்றெல்லாம் விதியில் எந்த இனமும் இல்லை.

நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் தங்களுக்கெனத் தனிக் கட்டண விதி வகுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் சில உயர் நீதிமன்றங்கள் ஒரு மனுவுக்கு 500 ரூபாய்வரை கேட்டன. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மனுக் கட்டணம் பொதுவாக 50 ரூபாய்க்கும் நகல் கட்டணம் பக்கத்துக்கு 5 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டது. வழக்குக் கட்டின் சான்றிட்ட நகலுக்கு மட்டும் ஆர்.டி.ஐ. வேண்டாம், 2020இல் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், நீதிமன்ற விதிகளின்படியே விண்ணப்பிக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

அனுப்பிய பின் நாள் கணக்கு

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் கண்காணிப்பு எண் கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை அஞ்சல் துறை 2025இல் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டது. ஆகவே இப்போது விரைவு அஞ்சல்தான். சேர்ந்த தேதியைத் தளத்திலிருந்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கூரியர் வேண்டாம். பிறகு சேர்ப்புத் தேதியை மெய்ப்பிக்க அலைய நேரும்.

மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள் கெடு. மனுவைப் பெற்றுப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பிவைக்கும் உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்திருந்தால் 5 நாட்கள் கூடும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலுக்கு 48 மணி நேரம். காவல் நிலையத்தில் வைக்கப்பட்டவரின் நிலை போன்ற உண்மையான அவசரத்துக்கே இது, அவசரம் என்று எழுதுவதாலேயே கிடைத்துவிடாது. மூன்றாம் நபர் கமுக்கமாகக் கொடுத்த தகவல் என்றால் அவருடைய கருத்தைக் கேட்பதற்கும் சேர்த்து 40 நாட்கள்.

நகல் கட்டணக் கடிதம் வந்தால் கணக்கு சற்று மாறும். ஜூன் 3 அன்று மனு கிடைத்திருந்தால் கெடு ஜூலை 3. ஜூன் 23 அன்று '43 பக்கங்கள், ரூ.86 செலுத்தவும்' என்று கடிதம் அனுப்பினால் 20 நாட்கள் கழிந்துவிட்டன. அன்றிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள்வரை கடிகாரம் நின்றிருக்கும். ஜூலை 8 அன்று கட்டினால் மீதமுள்ள 10 நாட்களோடு ஜூலை 18க்குள் நகல்கள் வர வேண்டும். தொகை எப்படி வந்தது என்ற கணக்கும், அதை எதிர்த்து யாரிடம் முறையிடலாம் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். கெடு முடிந்தபின் பணம் கேட்டு வரும் கடிதத்துக்கு மதிப்பில்லை. 7(6) பிரிவின்படி தாமதமான தகவலை இலவசமாகத் தர வேண்டும். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பதில் எழுதிப் போடுங்கள்.

பக்கங்கள் நூற்றுக்கணக்கில் என்றால் பணம் கட்டுமுன் நேரில் பார்வையிடுவது புத்திசாலித்தனம். குறிப்பெடுக்கும் உரிமை உண்டு. நேரில் பார்க்கும்போது, அலுவலகக் குறிப்புத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். கோப்பின் இடப்பக்கமோ தனிக் கட்டாகவோ இருக்கும். எழுத்தர் என்ன எழுதினார், அதிகாரி எங்கே மாற்றினார், எத்தனை நாள் யார் மேசையில் கிடந்தது என்ற கதை முழுவதும் அதில்தான் இருக்கும். வெளியே வந்த இறுதிக் கடிதத்தைவிட அது பல மடங்கு பேசும். தேவையான பக்கங்களின் எண்ணைக் குறித்துக் கொடுத்து அவற்றுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

மறுத்தால்

மறுப்பதற்கான காரணங்கள் 8ஆம் பிரிவில் (அ) முதல் (ஒ) வரை பட்டியலாக உள்ளன. பதிப்புரிமைக்கு 9ஆம் பிரிவு. நாட்டின் பாதுகாப்பு, வணிக இரகசியம், நடந்துகொண்டிருக்கும் புலன் விசாரணைக்கு இடையூறு, நம்பிக்கையின் பேரில் பெற்ற தகவல் என்று 8ஆம் பிரிவின் பட்டியல் நீள்கிறது. வெறுமனே 'பிரிவு 8இன்படி மறுக்கப்படுகிறது' என்று எழுதினால் போதாது. எந்த உட்பிரிவு, அது இங்கே எப்படிப் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது; தகவல் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு வரி மட்டும் மறைக்க வேண்டியதாக இருந்தால், 10ஆம் பிரிவின்படி அதை மறைத்து மீதியைத் தர வேண்டும்.

இப்போது பெரிய முட்டுக்கட்டை தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஒ). பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மட்டுமே மறுக்கலாம் என்று அது முன்பு வரம்பு கட்டியிருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரம்புகளை எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இனி ஒரு பெயர் இருந்தாலே 'தனிநபர் தகவல்' என்று கையை விரிக்க வழி பிறந்திருக்கிறது. என் பார்வையில் இது சட்டத்தின் முதுகெலும்பில் விழுந்த அடி. மிஞ்சியிருக்கும் ஆயுதம் 8(2): வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிட மேலானதாக இருந்தால் விலக்குத் தகவலையும் தரலாம். ஆகவே பயனாளிகள் பட்டியல், பணி நியமனம் போன்றவற்றைக் கேட்கும்போது, காரணம் சொல்லத் தேவையில்லை என்ற உரிமையைச் சற்றே விட்டுக்கொடுத்து, பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதுவது இனி நல்லது.

மேல்முறையீடு

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் குறையுள்ளதாக இருந்தாலோ, 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஜூலை 3 வரை பதில் இல்லையென்றால் ஆகஸ்ட் 2க்குள். தமிழ்நாட்டிலும் மத்திய அரசிலும் இதற்குக் கட்டணம் இல்லை. வில்லை ஒட்ட வேண்டாம். மனு நகல், சேர்ப்புச் சான்று, வந்த பதில் இவற்றை இணைத்து, எந்த எண்ணுக்குரிய தகவல் வரவில்லை, ஏன் மறுப்பு தவறு என்று இனம் இனமாக எழுதுங்கள். புதுக் கேள்வியை இங்கே நுழைக்காதீர்கள். மேல்முறையீட்டு அலுவலர் 30 நாட்களுக்குள், காரணம் எழுதினால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், முடிவு செய்ய வேண்டும். தன் கீழ் பணிபுரிபவர் மறுத்ததை அதிகாரி அப்படியே வழிமொழிவதும் நடக்கும். அதற்காக இந்தப் படியைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்தது இரண்டாம் மேல்முறையீடு. 90 நாட்களுக்குள் மாநில விஷயம் என்றால் தமிழ்நாடு தகவல் ஆணையம், மத்திய விஷயம் என்றால் புது தில்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம். தாள்களுக்குப் பக்க எண் இட்டு, முன்னால் ஒரு பட்டியல் வைத்து, ஒவ்வொன்றிலும் கையொப்பம் இட்டு அனுப்புங்கள். விசாரணைக்கு வர மாதங்கள் ஆகும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. மறுத்தது சரி என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு 19(5)இன்படி அலுவலருடையது, உங்களுடையதன்று.

சிலர் மேல்முறையீட்டுக்குப் பதிலாக 18ஆம் பிரிவின் கீழ் ஆணையத்திடம் நேரடியாகப் புகார் கொடுத்துவிடுகிறார்கள். 2011இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, புகாரின் பேரில் ஆணையம் அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாம். தகவலைத் தரும்படி உத்தரவிட முடியாது. தகவல்தான் வேண்டுமென்றால் 19ஆம் பிரிவு வழியே செல்ல வேண்டும்.

மணல், நில ஆக்கிரமிப்பு போன்ற விஷயங்களில் கேட்பவர்கள் தங்கள் பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டு முகவரி தர அஞ்சினால் அஞ்சலகப் பெட்டி எண்ணைக் கொடுக்கலாம். 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஊரில் இரண்டு மூன்று பேர் ஒரே ஆவணத்தைத் தனித்தனியாகக் கேட்பதும் ஒரு காப்புதான்.

தண்டம் பற்றிக் கடைசியாக ஒன்று. உரிய காரணமின்றித் தாமதித்தாலோ மறுத்தாலோ நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து பிடிக்க 20ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு அன்று. அலைச்சலுக்கும் இழப்புக்கும் ஈடு வேண்டுமென்றால் 19(8)(ஆ)இன்படி ஆணையத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டாம் மேல்முறையீட்டின் கோரிக்கைப் பகுதியில் என்ன இழப்பு, எவ்வளவு என்று பஸ் டிக்கெட் முதல் கணக்கு எழுதி, ரசீதுகளையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள்.